திப்பு சுல்தானும் காவலற்ற கிடங்கும்

மைசூர்ப் புலி திப்பு சுல்தானின் வீரத்தை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். வேதியியல் மாணவனாகிய நான் அவரது வாழ்வை வேறொரு பொருளை முன்வைத்துச் சொல்ல விழைகிறேன். அப்பொருள் வெடிமருந்து.

திப்பு 1750-ஆம் ஆண்டு தேவனஹள்ளியில் பிறந்தார். அவர் சிறுவனாயிருந்தபோது, 1755-இல், தந்தை ஹைதர் அலி நம் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக நியமனம் பெற்றார். பிரெஞ்சுக்காரர் துணையோடு அங்கே ஆயுதச் சாலை ஒன்றை நிறுவினார். பின்னாளில் கும்பினியை நடுங்க வைத்த பீரங்கிப் படைக்கு வித்திட்ட இடங்களுள் ஒன்று, குரங்கணியிலிருந்து ஒரே பகலில் போய்வரக்கூடிய அந்தக் கோட்டைதான்!

வெடிமருந்து என்பது யாது? ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பே கொடுத்துவிடுகிறது. ஆகவே கதவைச் சாத்தி இந்த நெருப்பை அணைக்க முடியாது. சாத்திய அறையில்தான் அதன் சீற்றம் மிகுதி. இதை இரும்புக் குழாயில் அடைத்து, சுமார் இரண்டு கிலோமீட்டர் பாயும் வாணங்களாக மைசூர்ப் படை செய்தது.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் வளைத்தனர். தாக்குதலில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. பகைவரை அழிக்க வைத்திருந்த சரக்கு, உடையவரையே அழித்தது. பெய்லி சிறைப்பட்டார். காஞ்சியில் இருந்த மன்றோ, தம் பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். தோற்றோடும் படை தன் கொடிய சரக்கைப் போட்டுவிட்டே ஓடும் என்பதற்கு இது ஒரு சான்று.

ஹைதர் 1782-இல் மறைய, திப்பு அரசரானார். 1792-இல் தோல்வி, நாட்டில் பாதி போயிற்று, திண்டுக்கல்லும் போயிற்று. இரு புதல்வர்களைப் பிணையாக அனுப்ப வேண்டியதாயிற்று. 1799-இல் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டது. மே 2-ஆம் நாள் குண்டொன்று கோட்டைக்குள்ளிருந்த வாணக் கிடங்கில் விழுந்து, கிடங்கு வெடித்துச் சிதறியது. புள்ளலூரில் பகைவருக்கு நேர்ந்தது இப்போது தமக்கே நேர்ந்தது. வெடிமருந்துக்கு உடையவன் என்றும் பகைவன் என்றும் வேறுபாடு தெரியாதல்லவா? மே 4-ஆம் நாள் திப்பு போரிட்டு வீழ்ந்தார்.

வென்றவர்கள் 600 ஏவுகருவிகளையும், ஏவத்தக்க 700 வாணங்களையும், மருந்து அடைக்காத 9,000 வாணக் கூடுகளையும் கண்டெடுத்தனர். அவற்றை ஆராய்ந்தே இங்கிலாந்தில் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளைச் செய்தார். 1807-இல் கோபன்ஹேகன் நகரின் மீது அவை ஏவப்பட்டன. கதை அத்தோடும் முடியவில்லை. 2018 ஜூலையில் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில், பாழுங்கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது, திப்பு காலத்தவை எனக் கருதப்படும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணங்கள் கிடைத்தன. கிணற்றுச் சேற்றில் வெடிமருந்து வாடை அடித்ததாம்! அரசர் போனார், அரசு போனது, சரக்கு மட்டும் சேற்றுக்குள் காத்திருந்தது.

இதைப் படித்தபோது என் நினைவு எங்கள் மலைக்குச் சென்றது. சில ஆண்டுகளுக்கு முன் ஏலத்தோட்டம் ஒன்று கைமாறியது. கணக்குத் தீர்த்துக் காவலாளி போய்விட்டார். மருந்துக் கொட்டகையின் பூட்டு எப்போதோ உடைந்தது. பூச்சிமருந்துக் கேன்களை ஆளுக்கொன்றாக எடுத்துப் போனார்கள். என் தாயாரும் ஒன்றைக் கொண்டுவந்து, நன்றாகக் கழுவி, குடிநீர் ஊற்றி வைத்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கேனில் அச்சிட்டிருந்த மண்டையோட்டுப் படம் பாதி உரிந்துபோயிருந்தது. முதலாண்டு விடுமுறையில் ஊருக்குப் போன நான்தான் அதைக் கண்டேன். நல்ல கேனைப் பாழாக்குகிறாயே என்று அவர் வருந்த வருந்த, அதில் ஆணியடித்து ஓட்டை போட்டேன். தெருவில் இன்னும் எத்தனை வீடுகளில் அவை இருந்தனவோ என்று மறுநாள் வீடு வீடாகப் போனேன். ஏழு கேன்கள் கிடைத்தன.

படை கலையும்போதும் தோட்டம் கைமாறும்போதும் முதலில் போவது காவல். கடைசிவரை இருப்பது நஞ்சு. ஒன்றைச் சேர்த்து வைப்பவன், தான் இல்லாத நாளில் அதை யார் காப்பார் என்பதையும் எண்ண வேண்டும். ஆய்வகத்தில் புட்டிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டச் சொல்லி நம் ஆசிரியர்கள் கண்டிப்பதன் பொருள் இப்போது எனக்கு விளங்குகிறது.