அலெகின் வென்றதும் தோற்றதும்

மாலையில் செஸ் ஆட உட்காரும்போது, எதிரே இருப்பவர் எப்படி ஆடுவார் என்று மனதில் ஒரு கணக்குப் போடுவீர்கள் அல்லவா? அந்தக் கணக்கால் உயர்ந்தவரும் விழுந்தவரும் ஒருவரே: அலெக்சாண்டர் அலெகின்.

மாஸ்கோவில் 1892-ல் பிறந்தவர். 1927-ல் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரில் உலக சாம்பியன் காபாபிளாங்காவுடன் மோதினார். அதுவரை அவரை ஒரு ஆட்டத்தில்கூட வென்றதில்லை. அதே ஆண்டு நியூயார்க் போட்டியிலும் காபாபிளாங்காதான் முதலிடம். அலெகின் ஜெயிப்பார் என்று நம்பியவர்கள் மிகக் குறைவு. அவரோ எதிராளியின் பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக அலசினார். தன் வழக்கமான அதிரடியைக் குறைத்து, பொறுமையாக ஆடினார். மொத்தம் 34 ஆட்டங்கள். 25 டிரா. 6 வெற்றி, 3 தோல்வி. பட்டம் கைமாறியது.

1935-ல் அவரை எதிர்த்தவர் ஹாலந்தின் கணித ஆசிரியர் மேக்ஸ் யூவ். இவரை அலெகின் சாதாரணமாக எடைபோட்டார். ஆரம்பத்தில் முன்னிலையும் கிடைத்தது. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. யூவோ முறையாகப் பயிற்சி எடுத்து வந்திருந்தார். முடிவில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் பறிபோனது.

1937-ல் மறுபோட்டி. இம்முறை யூவைச் சமமான எதிரியாக மதித்து, தயாராகி வந்தார் அலெகின். 15½ – 9½ என்ற கணக்கில் பட்டத்தை மீட்டார். 1946-ல் போர்ச்சுகலில் இறக்கும்வரை அவரே சாம்பியன்.

இரண்டு ஆண்டுகளில் யூவின் திறமை குறைந்துவிடவில்லை. அலெகின் போட்ட கணக்குதான் மாறியது. எதிராளியைப் பெயரை வைத்து எடை போடாதீர்கள். அவர் காய் நகர்த்துவதைப் பாருங்கள். எதிரே இருப்பது பக்கத்து வீட்டுப் பத்து வயதுப் பையனாக இருந்தாலும் சரி!