கடல் திருப்பித் தந்த குரல்

இசைநாடக மேடையில் ஓங்கி நின்ற பாடகர்கள் எளிய பாடல்களைப் பாட வரும்போது, பெரும்பாலும் குரல் முன்னே நிற்கும். சொல் பின்னே ஒதுங்கும். எஸ்தோனியப் பாடகர் கியோர்க் ஓட்ஸ் அந்த வரிசையில் சேராதவர்.

1920 மார்ச் 21ஆம் நாள் பெத்ரோகிராதில் பிறந்தார். தந்தை கார்ல் ஓட்ஸ், தாலின் நகரின் 'எஸ்தோனியா' அரங்கில் புகழ்பெற்ற பாடகர். மகனோ இளமையில் நீச்சல் வீரராகவே அறியப்பட்டார். 1940இல் எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மானியப் படை தாலினை நெருங்க, அங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள் பல பால்டிக் கடலில் மூழ்கின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஓட்ஸ் சென்ற கப்பலும் தப்பவில்லை. நீந்திக்கொண்டிருந்த அவரை வேறொரு கப்பல் மீட்டது. பின்னர் யாரஸ்லாவல் நகரில், எஸ்தோனியக் கலைஞர்களின் குழுவில் பாடகரானார்.

1944இல் தாலின் திரும்பினார். தந்தை பாடிய அரங்கமே அவருக்கும் மேடையாயிற்று. சைக்கோவ்ஸ்கியின் ஒனேகினாகவும் ரூபின்ஸ்டைனின் தீய தேவனாகவும் அவர் பெரும்புகழ் பெற்றார். 1958இல் வெளிவந்த 'மிஸ்டர் எக்ஸ்' திரைப்படம் அவரைச் சோவியத் நாடெங்கும் அறிமுகப்படுத்தியது. 1960இல் 'மக்கள் கலைஞர்' என்னும் உயரிய பட்டம் வந்தது.

ஆயினும் மக்கள் மனத்தில் அவரை நிலைநிறுத்தியவை இசைத்தட்டில் பதிந்த எளிய பாடல்களே. வான்ஷென்கின் எழுதி, கொல்மனோவ்ஸ்கி இசையமைத்த, வாழ்வின்மீது காதல் சொல்லும் பாடல் அவற்றுள் முதன்மையானது. வேலை முடிந்து களைத்து வீடு திரும்பும் சாதாரண மனிதனின் நெஞ்சம் அது. உரத்துப் பாடினால் வெறும் முழக்கமாகிவிடும். ஓட்ஸ் தம் பாரிட்டோன் குரலின் வலிமையை அடக்கி, பேசுவதுபோல் பாடினார். சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவர் சொல்லும்போது அந்த எளிய சொற்களுக்குத் தனிக்கனம் கூடியது. பின்னிஷ் மொழியிலும் அதனைப் பாடி, பின்லாந்து மக்களின் நெஞ்சிலும் இடம்பெற்றார்.

தம் நாட்டை விழுங்கிய அரசே தந்த விருதுகளை அவர் ஏற்றார். இந்த முரண் அவர் வாழ்வில் உண்டு. ஆனால் தாய்மொழியை விடவில்லை. கவிஞர் தெபோரா வாரந்தியின் சொற்களுக்கு வால்க்ரே இசையமைத்த சாரெமா தீவின் வால்ஸ் நடனப் பாடல் அவர் குரலிலும் வாழ்ந்தது.

1975 செப்டம்பர் 5ஆம் நாள் தாலினில் மறைந்தார். 1991இல் எஸ்தோனியா மீண்டும் விடுதலை பெற்றது; அவ்வாண்டே சோவியத் ஒன்றியமும் கலைந்தது. பட்டம் தந்த அரசு மறைந்தபின்னும் பாடல்கள் மறையவில்லை. சொல்லுக்கு வழிவிட்டு நின்ற குரல், அந்தச் சொல்லோடு சேர்ந்தே நிலைபெற்றது.