இரைச்சலை வென்ற காரைக்குடிச் செட்டியார்

சோமனூரில் விசைத்தறி ஓடும் கூடத்தில் நின்று பேசிப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. காதருகே போய்க் கத்த வேண்டும். அங்கே ஒரு சினிமாக் காட்சியைப் படம் பிடித்து, கதாநாயகி பாடவும் வேண்டும் என்றால் என்ன கதி?

1931-ம் ஆண்டு தமிழில் பேசும் படம் வந்தது. அன்று முதல் படக்காரர்களுக்கு ஏறக்குறைய இதே தொல்லைதான். நடிக்கும்போதே பேச வேண்டும், பாட வேண்டும். ஒலியும் அப்போதே பதிவாகும். காக்கை கரைந்தால் அதுவும் சேர்ந்து பதியும். காமிரா ஓடும் சத்தத்தை அடக்க அதற்கு ஒரு கூடு போட்டு மூடினார்கள்.

பிலிமில் ஒலி கறுப்பு வெள்ளைக் கோடாகப் பதிகிறது. பேச்சும் இரைச்சலும் ஒரே கோட்டில் கலந்துவிட்டால், பாலில் கலந்த தண்ணீர் மாதிரிதான். இன்று கம்ப்யூட்டர் ஓரளவு பிரித்துக் கொடுக்கிறது. அன்று அது முடியாது. மறுபடி படம் பிடிக்கலாம் என்றால் செட், சம்பளம், பிலிம் எல்லாம் இரட்டைச் செலவு!

இதற்கு மலிவான வழியைத் தமிழ்ப் படத்துக்குக் கொண்டு வந்தவர் ஏவி. மெய்யப்பன்.

கடைக்காரர் மகன்

மெய்யப்பன் 1907-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி காரைக்குடியில் பிறந்தார். தந்தை ஆவிச்சி செட்டியார் கடை வைத்திருந்தார். கடையில் கிராமபோன் ரிக்கார்டுகளும் விற்றன. விற்பதோடு நிற்காமல், கூட்டாளிகளுடன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி, ரிக்கார்டுகளைத் தயாரிக்கவும் செய்தார் மெய்யப்பன். மூடிய அறையில் ஒரு குரலைச் சுத்தமாகப் பிடிப்பது எப்படி என்பது அவருக்கு அங்கேயே பழகிப்போயிற்று.

பிறகு சினிமா ஆசை வந்தது. 1935-ல் 'அல்லி அர்ஜுனா' எடுத்தார். கையைச் சுட்டது. 'ரத்னாவளி'யும் காப்பாற்றவில்லை. வேறு ஒருவராக இருந்தால் ரிக்கார்டு கடைக்கே திரும்பியிருப்பார்.

வாய் ஒருவர், குரல் ஒருவர்

1938-ல் 'நந்தகுமார்' வந்தது. சிறுவன் டி. ஆர். மகாலிங்கம் அதில்தான் கண்ணனாக அறிமுகம் ஆனார். தேவகியாக நடித்தவரின் குரல் செட்டியாருக்குப் பிடிக்கவில்லை. நடிகையை மாற்றவில்லை; குரலை மட்டும் மாற்றினார்! லலிதா வெங்கட்ராமன் பாடினார், நடிகை வாயசைத்தார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாட்டு பிறந்தது.

செட்டியார் குரலுக்காகத்தான் இதைச் செய்தார், இரைச்சலுக்காக அல்ல. ஆனால் குரல் தனி அறைக்குப் போனதும், காக்கையும் காமிராவும் வெளியே நின்றுவிட்டன.

அடுத்தது பேச்சு. கன்னடத்தில் வந்த 'ஹரிச்சந்திரா' படத்தை 1944-ல் தமிழ் பேச வைத்தார். கன்னடப் பேச்சை எடுத்துவிட்டு, உதடு அசைவுக்கு ஏற்பத் தமிழ்ப் பேச்சைச் சேர்த்தார்கள். ஒரு படம் முழுவதையும் புதிதாக எடுக்கும் செலவு மிச்சம்.

இதைவிடப் பெரிய சோதனை 1945-ல் வந்தது. 'ஸ்ரீ வள்ளி' படம் முடிந்துவிட்டது. முருகனாக மகாலிங்கம், வள்ளியாக ருக்மிணி. மகாலிங்கத்தின் கணீர்க் குரலுக்கு எதிரே ருக்மிணியின் பாட்டு எடுபடவில்லை. புராணப் படத்துக்குப் பாட்டுதானே உயிர்! போட்ட பணம் எல்லாம் அதற்குள் இருந்தது. செட்டியார் பி. ஏ. பெரியநாயகியை அழைத்தார். பாட வேண்டிய இடமெல்லாம் ருக்மிணியின் உதட்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு இழுப்பு நீண்டாலும் கொட்டகையில் சிரிப்பார்கள். பெரியநாயகி பொருத்தமாகப் பாடிக் கொடுத்தார். ஒரு பாடகி, வாத்தியக்காரர்கள், ஒரு மைக், ஒரு அறை. செலவு அவ்வளவே. படம் அமோகமாக ஓடியது.

கீற்றுக் கொட்டகை ஸ்டூடியோ

அதே 1945-ல் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னையில் மின்சாரம் கிடைப்பது கஷ்டமாக இருந்தது. ஆகவே காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளைப் போட்டு ஸ்டூடியோ அமைத்தார். கோவையிலே சென்ட்ரல் ஸ்டூடியோ ஜாம்ஜாம் என்று நடந்த காலம் அது. கீற்றுக் கூரை வெயிலைத் தடுக்கும், வெளிச் சத்தத்தைத் தடுக்காது. அங்கிருந்துதான் 1947-ல் 'நாம் இருவர்' வந்தது. பாரதியார் பாடல்களைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோன படம்.

1948-ல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்கு மாறியது. தமிழில் மட்டும் அல்ல, தெலுங்கு, இந்தி, கன்னடத்திலும் செட்டியார் படம் எடுத்தார். 1979-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி காலமானார்.