லியோனார்டு ஆய்லர்

சுழலும் பொருள்களின் இயல்பைக் கணக்கிலடக்கிய பேரறிஞருள் தலையாயவர் லியோனார்டு ஆய்லர். இவர் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் ஒரு போதகருக்கு மகனாகத் தோன்றினார். தந்தையார் இவரையும் போதகராக்கக் கருதினர். ஆயின் யோகான் பெர்னூலி என்னும் கணிதப் பேராசிரியர் இளைஞரது கூர்மதியைக் கண்டு தந்தையாரை இணங்குவித்தார். 1727-இல் ருஷிய நாட்டுப் பீட்டர்ஸ்பர்க்கையும், 1741-இல் பெர்லினையும் அடைந்து ஆங்குள்ள அறிவியற் கழகங்களிற் பணியாற்றினார்.

திண்பொருள்களின் இயக்கம்பற்றி 1765-இல் வெளிவந்த நூலில் இவர் நிலைமத் திருப்புத்திறனை விளக்கிப் பெயரிட்டார். ஒவ்வொரு துகளின் நிறையையும், அச்சிலிருந்து அதன் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட அது பெறப்படும். 2 கிலோகிராம் நிறையுள்ள துகள் 3 மீட்டர் தூரத்தில் நிற்பின் அளவு 18. 6 மீட்டரில் நிற்பின் 72. தூரம் இரட்டிக்கத் திறன் நான்மடங்காதல் காண்க. தன் அச்சிற் சுழலும் சக்கரத்தின் திருப்புத்திறனைக் கோண வேகத்தாற் பெருக்கக் கோண உந்தம் கிடைக்கும். புறத்தேயிருந்து திருப்புவிசை தாக்காவிடின் அவ்வுந்தம் மாறாது.

வலக்கண்ணின் ஒளியை முன்னரே இழந்திருந்த ஆய்லர், 1766-இல் பீட்டர்ஸ்பர்க்குக்கு மீண்டபின் மற்றைக் கண்ணின் ஒளியையும் இழந்தார். 1771-இல் அவரது இல்லம் தீக்கிரையாயிற்று. எனினும் அவர் உளந்தளர்ந்திலர். மனத்திற் கணித்தவற்றைப் புதல்வரும் மாணாக்கரும் எழுதச் சொல்லிவந்தார். அவர்தம் ஆக்கங்களில் ஏறக்குறையப் பாதி இக்காலத்தனவே. 1783-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் உயிர் நீத்தார்.

தமிழ் பயிலும் யாம், தாளும் எழுதுகோலும் கையிலிருந்தும் சிறு கணக்கிற் பிழைபடுகின்றோம். கண்ணில்லாதார் கணித்த கணக்கை எண்ணுந்தோறும், சோர்வு என்று சொல்ல எமக்கு நாணம் உண்டாகின்றது.