தன் நூலுக்குத் தானே தூதுவர்: வால்ட் விட்மன்

ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்வதற்கு உரியவர் யாவர் என்று வரையறுத்துச் சொன்னது தமிழ் மரபு. நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் பயின்றவர், அவர்தம் மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர் ஆகிய நால்வரையே நன்னூல் சுட்டுகிறது. எத்துணை அரிய நூலைச் செய்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பதும் அதன் கருத்து. ஆயினும் அந்நூல் சில விலக்குகளையும் தருகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வென்றாக வேண்டிய பொழுதும், எதிரி தம்மைப் பழித்த காலையும் தற்புகழ்ச்சி குற்றமாகாது என்பார் பவணந்தியார்.

இந்த விதியையும் விலக்கையும் ஒருங்கே நினைவூட்டும் வாழ்க்கை அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனுடையது. உலகப் புதுக்கவிதையின் முன்னோடியாகப் போற்றப்படும் அவர் தம் நூலைத் தாமே அச்சிட்டார். தாமே விளம்பரம் செய்தார். தாமே மதிப்புரை எழுதினார். முதுமையில் தாமே பொதி கட்டி அஞ்சலில் அனுப்பினார். கவிதை எழுதி முடித்த பின் அதைப் படிப்பவரிடம் கொண்டு சேர்ப்பது யார் பொறுப்பு என்ற வினா எழும்போதெல்லாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வாழ்க்கை அது.

அச்சுக்கூடத்தில் வளர்ந்தவர்

விட்மன் 1819-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், வெஸ்ட் ஹில்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் வீடு கட்டும் தச்சர். பெரிய குடும்பம், சிறிய வருவாய். குடும்பம் புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்தது. பதினொன்றாம் வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. அடுத்த ஆண்டே அச்சுக்கூடத்தில் பயிலுநராகச் சேர்ந்து எழுத்துக் கோக்கக் கற்றார். பிற கவிஞர்கள் ஏட்டில் கண்ட எழுத்தை அவர் ஈய அச்சாக விரலில் உணர்ந்தார்.

சில காலம் கிராமப் பள்ளிகளில் ஆசிரியப் பணி செய்தார். 1838-இல் ‘லாங் ஐலண்டர்’ என்ற வார இதழைத் தொடங்கினார். ஆசிரியரும் அச்சுக்கோப்பவரும் அச்சடிப்பவரும் அவரே. அச்சான இதழைக் குதிரை மீதேறி வீடு வீடாகக் கொடுத்து வந்தவரும் அவரே. அவ்விதழ் ஓராண்டுகூட அவர் கையில் நிலைக்கவில்லை. 1842-இல் மதுவிலக்கை வலியுறுத்தி அவர் எழுதிய ‘ஃபிராங்க்ளின் எவன்ஸ்’ என்ற நாவல் ஏறத்தாழ 20,000 படிகள் விற்றதாகச் சொல்லப்படுகிறது. பின்னாளில் அவரே அதனைப் பொருட்படுத்தவில்லை. தாம் மதியாத நூல் விற்றதும், தம் உயிரெனக் கருதிய நூல் விலைபோகாது கிடந்ததும் அவர் வாழ்வின் முரண்.

1846 முதல் 1848 வரை ‘புரூக்ளின் டெய்லி ஈகிள்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தார். புதிய நூல்களுக்கு மதிப்புரை எழுதுவதும் அப்பணியில் அடங்கும். பத்திரிகைப் பத்தி எவ்வாறு நிரம்புகிறது, ஒரு நூலின் பெயர் எவ்வாறு ஊர் வாயில் விழுகிறது என்பதையெல்லாம் மேசையின் மறுபுறம் அமர்ந்து கற்றுக்கொண்ட காலம் அது.

1855: முதற் பதிப்பு

‘புல்லின் இதழ்கள்’ 1855 ஜூலைத் தொடக்கத்தில் வெளிவந்தது. புரூக்ளினில் ரோம் சகோதரர்கள் நடத்திய சிறு அச்சகத்தில், விட்மனின் சொந்தச் செலவில் அச்சானது. சில பக்கங்களுக்கு அவரே எழுத்துக் கோத்தார். அச்சிட்டவை 795 படிகள். உள்ளே தலைப்பற்ற பன்னிரண்டு பாடல்களும் ஒரு நீண்ட முன்னுரையும் இருந்தன. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இல்லை. அதற்கு எதிரே, கழுத்துப் பொத்தான் திறந்த சட்டையும் சாய்ந்த தொப்பியும் அணிந்து, இடுப்பில் கை ஊன்றி நிற்கும் உழைப்பாளி ஒருவரின் உருவப்படம் இருந்தது. கவிஞர் என்றாலே கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்த கனவான் என்றிருந்த காலத்தில், அந்தப் படமே ஒரு விளம்பரம்.

விலை இரண்டு டாலர். அது வாங்குவோர்க்கு எட்டாததாக இருந்ததால் பின்னர் ஒரு டாலராகக் குறைக்கப்பட்டது. விற்பனைக்கு முன்வந்தவர்கள் ஃபவுலர்–வெல்ஸ் நிறுவனத்தார். மண்டையோட்டின் மேடுபள்ளங்களை அளந்து மனிதரின் குணம் கூறும் கலையைப் பரப்பி, அது பற்றிய நூல்களையும் விற்று வந்தவர்கள் அவர்கள். 1849-இல் விட்மனின் தலையையும் அளந்து உயர்வாகக் கணித்திருந்தனர். அந்தக் கணிப்பைக்கூட விட்மன் வீணாக்கவில்லை. நற்சான்றிதழாகப் பலமுறை அச்சில் வெளியிட்டார்.

நூல் வெளிவந்த சில நாள்களில், ஜூலை 11-ஆம் நாள், தந்தையார் மறைந்தார். வீட்டில் துயரம், வெளியில் மௌனம். நூல் விற்கவில்லை.

முகமூடி அணிந்த மதிப்புரைகள்

அந்த மௌனத்தை உடைக்க விட்மன் மேற்கொண்ட வழி இன்றளவும் விவாதிக்கப்படுவது. 1855-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மூன்று இதழ்களில் தம் நூலுக்குத் தாமே, பெயரிடாமல், மதிப்புரை எழுதி வெளியிட்டார். ஒன்றில் அமெரிக்காவுக்குத் தன் சொந்தக் கவிஞன் கிடைத்துவிட்டான் என்று முழங்கினார். மற்றொன்றில் கவிஞரின் உடற்கட்டு, உடை, பழக்கவழக்கம் ஆகியவற்றை அருகிருந்து கண்டவர்போல் வருணித்தார். ஃபவுலர்–வெல்ஸ் நிறுவனத்தின் இதழில் வந்த மூன்றாவதில், இங்கிலாந்தின் அரசவைக் கவிஞர் டென்னிசனின் புதிய நூலையும் தம் நூலையும் அருகருகே வைத்து, முன்னதைப் பழமையின் சோர்வாகவும் பின்னதைப் புதுமையின் வலிமையாகவும் காட்டினார்.

பெயரிடாத மதிப்புரை அக்காலப் பத்திரிகை வழக்கமே. ஆயினும் ஆசிரியரே தம் நூலுக்கு அவ்வாறு எழுதுவதை அக்காலமும் ஏற்கவில்லை. 1856 நவம்பரில் ‘நியூயார்க் டெய்லி டைம்ஸ்’ அந்த மறைவை வெளிப்படுத்திக் கடுமையாகச் சாடியது. பாடல்களின் ஆற்றலை ஒப்புக்கொண்ட அதே கட்டுரை, பாடியவரின் நேர்மையை ஐயுற்றது. புகழ்ச்சியால் கிட்டிய பயன் சிறிது. அதனால் நேர்ந்த இழுக்கு நெடுநாள் நின்றது.

எமர்சனின் கடிதம்

உண்மையான சிறப்புப்பாயிரம் ஒன்று கேளாமலே வந்து சேர்ந்தது. விட்மன் அனுப்பிய படியைப் படித்த பேரறிஞர் எமர்சன், 1855 ஜூலை 21-ஆம் நாளிட்டு ஐந்து பக்கக் கடிதம் எழுதினார். அமெரிக்கா அதுவரை தந்த அறிவுச் செல்வங்களில் தனிச்சிறப்புடையது என நூலைப் பாராட்டி, பெரியதொரு வாழ்வின் தொடக்கத்தில் நிற்பவராக அந்த அறிமுகமற்ற கவிஞரை வாழ்த்தினார்.

அது தனிக்கடிதம். எழுதியவரின் இசைவைப் பெறாமலே அக்டோபர் 10-ஆம் நாள் ‘நியூயார்க் டிரிப்யூன்’ நாளிதழில் அது வெளிவரச் செய்தார் விட்மன். அடுத்த ஆண்டு, பாடல்களின் எண்ணிக்கை 32 ஆகப் பெருகிய இரண்டாம் பதிப்பில், எமர்சனின் வாழ்த்துத் தொடரைப் பெயருடன் நூலின் முதுகில் பொன்னெழுத்தால் பொறித்தார். நூலின் பின்னே கடிதத்தை முழுமையாகச் சேர்த்து, அதற்குத் தாம் எழுதிய நீண்ட மறுமொழியையும் வைத்தார். முதற் பதிப்பில் ஆயிரம் படிகள் அச்சிட்டதாகவும் அவை எளிதில் விற்றுத் தீர்ந்ததாகவும் அம்மறுமொழியில் எழுதினார். இரண்டும் மெய்யல்ல. இரண்டாம் பதிப்பும் விற்கவில்லை.

எமர்சன் மனம் வருந்தினார். ஆனால் உறவை முறித்துக்கொள்ளவில்லை. 1860-இல் பாஸ்டன் நகரப் பூங்காவில் இருவரும் இரண்டு மணி நேரம் நடந்தபடியே உரையாடினர். உடலின்பத்தைப் பாடும் பகுதியை நீக்கிவிட்டால் நூல் பலரையும் சென்றடையும் என்று எமர்சன் வாதிட்டார். அவருடைய வாதத்துக்குத் தம்மிடம் மறுமொழி இல்லை என்பதை விட்மன் உணர்ந்தார். ஆயினும் நீக்க மறுத்துவிட்டார். விட்மனை முழுமையாக அறிய இக்காட்சி ஒன்றே போதும். நூலை விற்க எந்த முரசையும் கொட்டத் துணிந்த மனிதர், விற்பனைக்காக நூலிலிருந்து ஒரு பாடலைத் தரவும் இசையவில்லை.

பாஸ்டன் இளைஞர்கள்

அவ்வாண்டு அவர் பாஸ்டனுக்குச் சென்றதே மூன்றாம் பதிப்பின் பொருட்டுத்தான். தேயர்–எல்ட்ரிஜ் என்னும் இரு இளைஞர்கள் தொடங்கிய புதிய பதிப்பகம் தானாகவே கடிதம் எழுதி நூலைக் கேட்டது. தம் செலவில் தாமே அச்சிட்டு வந்த கவிஞருக்கு முதன்முறையாகப் பதிப்பாளர் கிடைத்தார். நூலுடன் 64 பக்க விளம்பரச் சிறுநூல் ஒன்றையும் அவர்கள் விலையின்றி வழங்கினர். புகழ்ந்த மதிப்புரைகளோடு இகழ்ந்தவையும் அதில் இடம்பெற்றன. வசவும் ஒருவகை அறிமுகமே என்ற துணிவு அதில் தெரிகிறது. விட்மன் பெயரிடாது எழுதிய பழைய மதிப்புரைகளும் அவற்றினிடையே இருந்தன.

விற்பனை நன்கு தொடங்கியது. ஆனால் உள்நாட்டுப் போர் நெருங்கிய நாள்களில் பதிப்பகம் நொடித்துப் போயிற்று. அச்சுத் தகடுகள் கைமாறின. பின்னாளில் அவற்றைக் கொண்டு அனுமதியில்லாத படிகளும் அச்சாகி விற்றன.

போர்க்காலத்தில் விட்மன் வாஷிங்டன் மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்க்குத் தொண்டு செய்தார். எழுத இயலாதவர்கள் சார்பில் அவர்தம் தாயர்க்கும் மனைவியர்க்கும் மடல்கள் எழுதினார். பிறர் குரலில் எழுதும் அதே கை, தனக்கென எதையும் வேண்டாது இயங்கிய நாள்கள் அவை. 1865-இல், அவர் எழுதிய நூலின் பொருட்டு, அமைச்சர் ஹார்லன் அவரை அரசுப் பணியிலிருந்து நீக்கினார். நண்பர் ஓ’கானர் வெகுண்டு எழுந்து, அடுத்த ஆண்டே விட்மனைப் போற்றிச் சிறுநூல் வெளியிட்டார். 1867-இல் ஜான் பரோஸ் என்ற நண்பரும் ஒரு நூல் எழுதினார். அதில் சில பகுதிகள் விட்மனே எழுதியவை என்பது பின்னர் தெரிய வந்தது.

காம்டன் நகரில்

1873-இல் பக்கவாதம் தாக்கியது. நியூஜெர்சியின் காம்டன் நகரில் தம்பி ஜார்ஜின் இல்லத்தில் தஞ்சம் புகுந்தார். 1876 ஜனவரி 26-ஆம் நாள் அவ்வூர்ப் பத்திரிகையொன்றில், பெயர் குறிப்பிடாத கட்டுரை ஒன்று வந்தது. பதிப்பாளர்கள் விட்மனைப் புறக்கணிக்கிறார்கள், இதழ்கள் அவர் பாடல்களைத் திருப்பி அனுப்புகின்றன, முதுமையில் அவர் வறுமையுற்றிருக்கிறார் என்பது அதன் சாரம். எழுதியவர் விட்மனே. அதன் படியை இங்கிலாந்திலிருந்த வில்லியம் மைக்கேல் ரோஸெட்டிக்கு அனுப்பினார். அங்குப் பத்திரிகைகளில் செய்தி பரவியது. இராபர்ட் புக்கானன் அமெரிக்காவைக் கண்டித்து எழுதினார். மிகைப்படுத்தல் என்று அமெரிக்க எழுத்தாளர் சிலர் சினந்தனர். அதில் உண்மையும் உண்டு.

ஆனால் ஆணைகள் வந்தன. அவ்வாண்டு வெளியிட்ட இரு தொகுதிகளின் விலை பத்து டாலர். நோயுற்ற கவிஞர் ஒவ்வொரு படியிலும் கையொப்பமிட்டு, முகவரி எழுதி அனுப்பினார். எவர்க்கு எது அனுப்பினோம், எவர் பணம் செலுத்தினார் என்று கணக்கேட்டில் குறித்து வைத்தார். வாங்கியவருள் ஒருவர் டென்னிசன். இருபத்தோர் ஆண்டுகளுக்கு முன் பெயர் மறைத்துத் தாம் தாழ்த்தி எழுதிய அதே கவிஞர் தம் நூலைப் பணம் அனுப்பி வாங்கினார்.

தடை தந்த விற்பனை

1881-இல் பாஸ்டனின் பெயர்பெற்ற ஆஸ்குட் பதிப்பகம் நூலை ஏற்றது. 1882 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் அதனை ஆபாச நூல் என அறிவித்தார். சிறு மாற்றங்களுக்கு இசைந்த விட்மன், முழுப் பாடல்களையே நீக்க வேண்டும் என்றபோது மறுத்துவிட்டார். பதிப்பகம் விலகிக்கொண்டது. அச்சுத் தகடுகளைப் பெற்றுக்கொண்டு ஃபிலடெல்ஃபியாவில் புதிய பதிப்பாளரிடம் சென்றார். அங்கு வெளியான முதல் அச்சு ஒரே நாளில் விற்றது. கால் நூற்றாண்டு முரசறைந்தும் கிட்டாத விற்பனையை ஒரு தடையாணை தந்தது. அந்த வருவாயின் துணையால் 1884-இல் காம்டன் மிக்கிள் தெருவில் 1,750 டாலருக்குச் சிறு மரவீடு வாங்கினார். 

இறுதிப் பதிப்பு 1892 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. படுக்கையில் கிடந்த நிலையிலும் அவ்வறிவிப்பைத் தாமே எழுதினார். மார்ச் 26-ஆம் நாள், 72-ஆம் வயதில், உயிர் நீத்தார்.

பாரதியார் விட்மனைத் தமிழர்க்கு அறிமுகம் செய்து எழுதினார். ந. பிச்சமூர்த்தியின் புதுக்கவிதை முயற்சிகளுக்கும் ‘புல்லின் இதழ்கள்’ தூண்டுதலாயிற்று. அந்தப் பாரதியாரும் 1920-இல் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக வெளியிடக் கடன் வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தவரே. தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல எளிதில் விற்கும் என்று அதில் உறுதி கூறினார். அத்திட்டம் நிறைவேறவில்லை, அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். ஆனால் அவ்வறிக்கையில் அவர் தம்மை மறைக்கவில்லை. தம் பெயரால் கேட்டார்.

விட்மனின் குறை எது என்பதை இவ்வேறுபாடு தெளிவாக்குகிறது. தம் ஆற்றலை அறியாதாரிடையே நின்று தம்மைப் புகழ்ந்தது குறையன்று; அதற்கு நன்னூலே இடம் தருகிறது. ஆசிரியர், உடன் பயின்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோரின் இடத்தில் பெயரின்றித் தாமே அமர்ந்துகொண்டதுதான் குறை. அதே நூலின் பாடல்களில் அவர் தம் பெயர் சொல்லி, தம்மைப் பாடுவதாக வெளிப்படையாக அறிவித்தே பாடினார். முகமூடி அணிந்து எழுதிய மதிப்புரைகள் இன்று ஆய்வாளர்க்கு மட்டுமே பயன்படுகின்றன. முகம் காட்டிப் பாடியவை இன்றும் படிக்கப்படுகின்றன.