கிரேஸ் ஹாப்பர்

கிரேஸ் முரே ஹாப்பர் (டிசம்பர் 9, 1906 – ஜனவரி 1, 1992) அமெரிக்கக் கணிதவியலாளரும் கணினி அறிவியலாளரும் கடற்படை அதிகாரியும் ஆவார். நிரலைத் தொகுக்கும் பணியைக் கணினியிடமே ஒப்படைக்கலாம் என்பதை 1952 இல் செய்து காட்டியவர். வணிகப் பயன்பாட்டுக்கான கோபோல் நிரல்மொழி, இவர் உருவாக்கிய ஃபுளோ-மேட்டிக் மொழியைப் பெரிதும் அடிப்படையாகக் கொண்டது. ஒரு நிரலின் செலவைக் கணக்கிடும்போது, அது கணினியில் இயங்கும் நேரத்தோடு அதை எழுதவும் திருத்தவும் மனிதர் செலவிடும் நேரத்தையும் சேர்க்க வேண்டும் என்பது இவரது பணிகளின் அடிப்படைக் கருத்தாக இருந்தது.

இளமையும் கல்வியும்

ஹாப்பர் நியூயார்க் நகரில் மூன்று குழந்தைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஏழு வயதில், எழுப்பு மணிக்கடிகாரம் எவ்வாறு இயங்குகிறது என்று அறிய வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களைப் பிரித்துப் பார்த்ததாகக் கூறப்படுகிறது. 1928 இல் வாசர் கல்லூரியில் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930 இல் முதுகலைப் பட்டமும் 1934 இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930 இல் வின்சென்ட் ஹாப்பரை மணந்தார். இத்திருமணம் 1945 இல் மணமுறிவில் முடிந்தது. 1931 முதல் வாசர் கல்லூரியில் கணிதம் கற்பித்தார்.

கடற்படையும் மார்க் 1 கணினியும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1943 இல் ஹாப்பர் அமெரிக்கக் கடற்படையின் சேமப்படையில் சேர்ந்தார். உடல் எடை விதிக்கப்பட்ட அளவைவிடக் குறைவாக இருந்ததால் சிறப்பு விலக்குப் பெற வேண்டியிருந்தது. 1944 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் ஐக்கனின் தலைமையில் இயங்கிய மார்க் 1 கணினியில் பணியமர்த்தப்பட்டார். சுமார் 51 அடி நீளம் கொண்ட அக்கணினி ஒரு நொடியில் மூன்று கூட்டல்களைச் செய்தது. ஒரு பெருக்கலுக்கு ஏறத்தாழ ஆறு நொடிகள் தேவைப்பட்டன. அக்கணினிக்கான 500 பக்கங்களுக்கும் மேற்பட்ட கையேட்டை உருவாக்கும் பணியில் ஹாப்பர் முதன்மைப் பங்கு வகித்தார். கையேடு 1946 இல் வெளியானது.

சரியாக இயங்கிய கட்டளைத் தொகுதிகளை ஹாப்பரும் உடன் பணியாற்றியோரும் குறிப்பேடுகளில் எழுதி வைத்தனர். புதிய நிரலுக்கு அவை தேவைப்பட்டபோது கையால் படியெடுத்தனர். படியெடுக்கும்போதும் முகவரி எண்களைக் கூட்டும்போதும் பிழைகள் நேர்ந்தன. கணினி சில மணி நேரத்தில் முடிக்கும் கணக்கிற்கு நிரல் எழுதிப் பிழை களைய மனிதருக்குப் பல நாட்கள் ஆயின. கூட்டுவதும் படியெடுப்பதும் கணினிக்கு எளிய வேலைகள் என்பதால் அவற்றை அதனிடமே விட்டுவிடலாம் என்ற எண்ணம் இங்கிருந்தே தோன்றியது.

1947 இல் மார்க் 2 கணினியின் மின்னுணர்த்தி ஒன்றில் சிக்கிய அந்துப்பூச்சி, பணிப்பதிவேட்டில் ஒட்டி வைக்கப்பட்டது. நிரற்பிழையைப் பூச்சி என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிக்கும் வழக்கத்தை ஹாப்பரே தொடங்கினார் எனப் பரவலாகக் கருதப்படினும், அச்சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பொறியாளர்களிடையே வழங்கியது.

நிரல்மொழிமாற்றி

1949 இல் ஹாப்பர் பிலடெல்பியாவில் இருந்த எக்கர்ட்-மாக்லி கணினி நிறுவனத்தில் சேர்ந்து யூனிவாக் 1 கணினிக்கான பணிகளில் ஈடுபட்டார். 1950 இல் ரெமிங்டன் ராண்ட் நிறுவனம் அதனை வாங்கியது. 1952 இல் ஏ-0 என்ற நிரல்மொழிமாற்றியை உருவாக்கினார். நாடாவில் சேமிக்கப்பட்ட கட்டளைத் தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறியீடு தரப்பட்டது. குறியீடுகளை வரிசையாகக் கொடுத்தால், உரிய தொகுதிகளைக் கணினியே எடுத்து இணைத்து முழு நிரலாக்கியது. இன்றைய வரையறையின்படி இது நிரல்மொழிமாற்றியைவிட நிரல் இணைப்பிக்கே நெருக்கமானது.

இம்முறை எளிதில் ஏற்கப்படவில்லை. கணினியின் இயங்கு நேரம் மிகுந்த விலையுடையதாக இருந்த காலம் அது. திறமையான நிரலாளர் கையால் எழுதும் கட்டளைகளைவிடக் கணினி தொகுக்கும் கட்டளைகள் மெதுவாக இயங்கும் என்று பலர் எதிர்த்தனர். இக்குறை ஓரளவு உண்மையே. ஆனால், நிரலாளரின் நாட்களையும் பிழைதிருத்தும் காலத்தையும் விடுத்து இயங்கு நேரத்தை மட்டும் ஒப்பிடுவது முழுமையான கணக்கு ஆகாது என்று ஹாப்பர் வாதிட்டார்.

ஃபுளோ-மேட்டிக்கும் கோபோலும்

வணிகக் கணக்குகளைக் கையாள்வோருக்குக் கணிதக் குறியீடுகளைவிட ஆங்கிலச் சொற்களே ஏற்றவை என்று கருதிய ஹாப்பர், 1950களின் நடுவில் ஃபுளோ-மேட்டிக் மொழியைத் தம் குழுவினருடன் உருவாக்கினார். தரவுகளின் விவரிப்பைச் செயல்முறையிலிருந்து தனியே பிரித்து எழுதுவது இம்மொழியின் சிறப்பாகும்.

வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளில் ஒரே நிரலை இயக்க ஒரு பொது மொழி தேவைப்பட்டது. 1959 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் பென்டகனில் கூட்டம் நடைபெற்றது. கோபோலை வடிவமைத்தது ஜீன் சாமெட் உள்ளிட்டோர் அடங்கிய குழுவாகும். ஹாப்பர் செயற்குழுவுக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். ஆகவே கோபோலை அவர் ஒருவரே உருவாக்கினார் என்பது சரியன்று. 1960 டிசம்பரில் ஏறத்தாழ ஒரே கோபோல் நிரல் ஆர்சிஏ 501, யூனிவாக் 2 ஆகிய இரு வேறு கணினிகளில் இயக்கிக் காட்டப்பட்டது.

1966 இறுதியில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஹாப்பர், கோபோலைச் சீர்தரப்படுத்த 1967 இல் ஆறு மாதங்களுக்கென மீண்டும் அழைக்கப்பட்டார். இப்பணிக்காலம் பின்னர் நீட்டிக்கப்பட்டது. நிரல்மொழிமாற்றிகள் சீர்தரத்தைப் பின்பற்றுகின்றனவா என்று சோதிக்கும் நிரல்கள் இவரது வழிகாட்டலில் உருவாயின.

நேரத்தை அளத்தல்

நானோநொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்காகும். இதனை விளக்க, அந்நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தொலைவான ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய கம்பித் துண்டுகளை ஹாப்பர் தம் உரைகளில் வழங்கினார். ஒரு மைக்ரோநொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுள்ள கம்பிச் சுருளைக் காட்டினார். மனித நேரத்துக்காக வாதிட்ட அவர், கணினி நேரத்தை வீணாக்குவதை ஏற்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

இவ்விரு நேரங்களுக்கும் இடையிலான முரண்பாட்டைக் குறைக்கப் பிற்காலத்தில் புரொஃபைலர் எனப்படும் அளவீட்டுக் கருவிகள் உதவின. இவற்றை உருவாக்கியவர் ஹாப்பர் அல்லர். இவற்றுள் ஒரு வகை, இயங்கும் நிரலைக் குறித்த இடைவெளிகளில் இடைமறித்து, அக்கணத்தில் எந்தக் கட்டளை நடைபெறுகிறது என்று பதிவு செய்யும். கோபோல் நிரலின் செயல்முறைப் பகுதி பெயரிடப்பட்ட பத்திகளாக அமைவதால், எந்தப் பத்தி மிகுந்த நேரத்தை எடுக்கிறது என்பதை இப்பதிவுகளிலிருந்து அறியலாம். எடுத்துக்காட்டாக, எழுத்துவடிவில் வைக்கப்பட்ட எண்ணைக் கணக்கிடும்போதெல்லாம் வேறு வடிவத்துக்கு மாற்ற நேரம் செலவாகலாம். அவ்வெண்ணைச் செறிவுப் பதின்ம வடிவில் அறிவித்தால் அச்செலவு குறையும்.

ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்த டொனால்ட் கனூத், நிரலின் 4 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியே பொதுவாக இயங்கு நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று 1971 இல் காட்டினார். எனவே அளந்து கண்ட சிறு பகுதியை மட்டும் விரைவுபடுத்தி, எஞ்சியதை எளிதில் படிக்கத்தக்க வடிவிலேயே விட்டுவிட முடிகிறது.

இறுதிக் காலமும் சிறப்புகளும்

1986 ஆகஸ்டில் தம் 79 ஆவது வயதில் ரியர் அட்மிரல் நிலையில் கடற்படையிலிருந்து ஹாப்பர் ஓய்வு பெற்றார். பின்னர் இறக்கும்வரை டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆலோசகராக இருந்தார். 1991 இல் அமெரிக்கத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். 1992 இல் வர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். 1997 இல் பணியில் சேர்க்கப்பட்ட போர்க்கப்பல் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டது. 2016 இல் அதிபரின் விடுதலைப் பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. இவரது நானோநொடிக் கம்பிகள் வாசிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.