வேலூரில் தங்கிய மூளை வேதியியலர்

எங்கள் மறைமலைநகரில் ஒருவருக்கு மூளையில் கோளாறு என்று மருத்துவர் கூறிவிட்டால், காஞ்சிபுரம் வழியாக வேலூருக்குப் பேருந்தேறும் வழக்கம் இன்றும் உண்டு. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டியை ஓரளவு அறிவோம். அங்கேயே நரம்பு வேதியியல் ஆய்வகத்தைக் கட்டியெழுப்பிய பிமல் குமார் பச்சாவத்தைத் தமிழகம் ஏறக்குறைய மறந்துவிட்டது.

1925-இல் கொல்கத்தாவில் பிறந்தவர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1955-இல் மைனர் கூன் குழுவினருடன் சேர்ந்து அவர் ஒரு நொதியை விவரித்தார். நாம் உண்ணாதிருக்கும் வேளையில் மூளைக்கு மாற்று எரிபொருளாகும் கீட்டோன்களைக் கல்லீரல் தயாரிக்க அந்நொதி தேவை. பிறவியிலேயே அது இல்லாத குழந்தை காய்ச்சலில் பால் குடிக்க மறுத்தால், ரத்தச் சர்க்கரை சரிந்து நினைவிழக்கக்கூடும்.

அத்தகைய ஆய்வாளர், வசதி மிக்க நாட்டை விட்டு வேலூருக்கு வந்தார். நடை பழகிய குழந்தை மெல்ல நடையையும் பேச்சையும் இழக்கும் கொடிய நோய் ஒன்று உண்டு. சல்பேட் கலந்த கொழுப்பு மூளையில் தேங்குவதே அது. அமெரிக்க நரம்பியலர் ஜேம்ஸ் ஆஸ்டினுடன் வேலூர்க் குழு 1963-இல் வெளியிட்ட ஆய்வு, அந்நோயாளிகளிடம் சல்ஃபடேஸ் நொதி குறைந்திருப்பதைக் காட்டியது.

பின்னர் லெக்டின்களின் பக்கம் திரும்பினார். சர்க்கரை மூலக்கூறுகளை இனங்கண்டு பற்றும் புரதங்கள் இவை. ஆமணக்கு விதையின் லெக்டினைத் தூண்டிலாக்கி, வேண்டிய மூலக்கூறுகளைப் பிரித்தெடுத்தது அவர் குழு. ஆய்வகத்துக்கு அந்நியச் செலாவணி கிடைப்பதே அரிதான அக்காலத்தில் வேலியோரத்துச் செடி ஆய்வுக்கருவியானது, பொருளியல் படித்த எனக்குத் தனிச்சுவையாகப் படுகிறது.

1962-இல் பட்நாகர் விருது, 1990-இல் பத்மபூஷண். இடையில் கொல்கத்தா ஆய்வு நிறுவனமொன்றின் இயக்குநர், தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர். சிறுநீரகத்தைத் தாக்கும் ஆம்ஃபோடெரிசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் பொதிந்து தீங்கைக் குறைக்கும் பணியிலும் ஈடுபட்டார். 1996-இல் மறைந்தார்.

அன்று அவர் விவரித்த நொதியின் குறைவை, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி ரத்தத்தில் இன்று கண்டறியலாம். அச்சோதனை நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாயமாக்கப்படவில்லை. விவரமறிந்து, பணம் செலுத்தக்கூடிய பெற்றோருக்கே பெரும்பாலும் கிடைக்கிறது.